கறுப்பெல்லாம் காகமன்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மில் பலருக்குக் கறுப்புப் பறவை என்றாலே அது காகம்தான். மின்கம்பியில் அமர்ந்திருந்தாலும் காகம். மாமரக் கிளைக்குள் மறைந்திருந்தாலும் காகம். மாலை வேளையில் கூட்டமாகப் பறந்து சென்றாலும் காகம். அளவில் சற்றுச் சிறியதாக இருந்தால் “காக்காய்க் குஞ்சு” என்று சொல்லிவிடுவோம். நிறத்தைப் பார்த்தவுடன் பெயர் சூட்டிவிடும் இந்தப் பழக்கம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அதன் விளைவுகள் சிறியவை அல்ல. நம்மைச் சுற்றியுள்ள கறுப்புப் பறவைகளை இனம் பிரித்தறியும் திறனை ஒவ்வொரு மாணவரும் பெற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

கோலாலம்பூரின் தெற்கே உள்ள சாலாக் செலாத்தானை எடுத்துக்கொள்வோம். இரயில் பாதைகள், கடைவீதி, சந்தை, பழைய கம்பத்து வீடுகள், புதிய அடுக்குமாடிகள் எனப் பலவும் நெருங்கியிருக்கும் இடம் அது. காடு இல்லை, மலையும் இல்லை. அத்தகைய நகர்ப்புறக் குடியிருப்பில் பறவைகளைப் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், ஒரு காலைப்பொழுதில் சாலையோர மரங்களையும் மின்கம்பிகளையும் பொறுமையாகக் கவனித்தால், கறுப்பு உடை தரித்த நான்கைந்து வகைப் பறவைகளையாவது கண்டுவிடலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே காகம்.

முதலில் அந்தக் காகத்தையே சரியாகப் பார்ப்போம். நம் நகரங்களில் குப்பைத் தொட்டியைச் சுற்றி நிற்கும் காகம், வீட்டுக்காகம் எனப்படும் இனம். மலாய்மொழியில் இதைக் ‘காகாக் ரூமா’ என்பர். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இது முழுக் கறுப்பு அன்று. கழுத்திலும் மார்பிலும் சாம்பல் நிறம் படர்ந்திருக்கும். கடலோரச் சதுப்புநிலக் காடுகளிலும் காட்டு விளிம்புகளிலும் வாழும் அண்டங்காக்கையோ உச்சி முதல் வால் வரை கறுப்பு. அதன் அலகு தடித்து வளைந்திருக்கும். ஆக, காகத்திலேயே வகைகள் இருக்கின்றன. “காகம்” என்று பொதுவாகச் சொல்வதும் அரைகுறையான அடையாளமே.

வீட்டுக்காகத்திற்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. அது இந்நாட்டின் பூர்வீகப் பறவை அன்று. 1890களில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. காப்பிச் செடியின் இலைகளைத் தின்று அழித்த புழுக்களைக் கட்டுப்படுத்த, இலங்கையிலிருந்து வீட்டுக்காகங்களைக் கொண்டுவந்து கிள்ளான் வட்டாரத்தில் விட்டனர். அதே காலக்கட்டத்தில்தான் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் முன்னோர் பலர் இத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தனர். பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது, இரப்பர் வந்தது. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகங்கள் மறையவில்லை. நகரம் வளர வளர, உணவுக் கழிவும் வளர்ந்தது. காகக் கூட்டமும் வளர்ந்தது. இலங்கை, தென்னிந்தியக் காகங்களின் கழுத்து, வட இந்தியக் காகங்களின் கழுத்தைவிட அடர்ந்த சாம்பல் நிறம் கொண்டது. அவ்வழி வந்த நம் ஊர்க் காகம் நிழலில் நிற்கும்போது முழுக் கறுப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அடுத்தது குயில். விடிவதற்கு முன்பே உரத்த குரலில் கூவி நம்மை எழுப்பிவிடும் பறவை இதுதான். ஆண்குயில் பளபளக்கும் கறுப்பு. காகத்தின் அளவே இருப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவர் இதையும் காகம் என்றே நினைப்பர். ஆனால், அதன் கண் இரத்தச் சிவப்பு, அலகு வெளிர்பச்சை, வால் நீளம். காகம் தரையில் இறங்கி நடக்கும். குயில் பெரும்பாலும் இலைகளுக்குள் மறைந்தே இருக்கும். பெண்குயிலோ கறுப்பே அன்று. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இறைத்தாற்போல் இருக்கும். பெண்குயில் பாடுவதாக நாம் கற்பனை செய்வது வழக்கம். உண்மையில், ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவலை எழுப்புவது ஆண்குயில்தான். குயில் கூடு கட்டாது. நம் ஊரில் அது வீட்டுக்காகத்தின் கூட்டில் முட்டையிட்டுச் செல்லும். காகம் அடைகாத்துக் குயில் குஞ்சுக்கும் இரை ஊட்டும்.

மாலையில் சாலையோர மரங்களில் நூற்றுக்கணக்கில் கூடி இரைச்சலிடும் சிறிய கறுப்புப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் காக்காய்க் குஞ்சு அன்று. மலாய்மொழியில் அதன் பெயர் ‘பெர்லிங் மாத்தா மேரா’. மைனாவின் உறவுப் பறவையான இது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் மட்டுமே இருக்கும். வெயில் பட்டால் அதன் கறுப்பில் பச்சை மின்னும். அதன் கண்ணும் சிவப்புத்தான். அப்படியானால் குயிலிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? குயில் இதைவிட இருமடங்கு நீளம், தனித்து மறைந்து வாழும், அலகு வெளிர்பச்சை. பெர்லிங் சிறியது, கூட்டமாகத் திரியும், அலகு கறுப்பு. இளம் பெர்லிங்கின் வெளிறிய நெஞ்சிலே கருங்கோடுகள் காணப்படும். சிவந்த கண் என்ற ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உணவகங்களின் மேசைகளுக்கு அடியில் அஞ்சாமல் நடமாடும் கருஞ்சாம்பல் நிறப் பறவை ஜாவா மைனா. மஞ்சள் அலகும் மஞ்சள் கால்களும் அதன் அடையாளம். நெற்றியில் சிறு கொண்டை நிற்கும். வாலின் அடிப்பகுதி வெண்மை. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டுத் தெரியும். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் கொண்ட பழுப்பு நிறச் சாதாரண மைனா வேறு, இது வேறு. ஜாவா மைனாவின் கதை சிந்திக்கத்தக்கது. ஜாவாவும் பாலியும் அதன் தாயகம். அங்கே கூண்டுப் பறவை வணிகத்திற்காக இடைவிடாமல் பிடிக்கப்பட்டதால் அது அருகிவிட்டது. அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைப் பட்டியலிட்டுள்ளது. ஆனால், மனிதரால் கொண்டுவரப்பட்ட மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது பெருகிக் கிடக்கிறது. பிறந்த வீட்டில் அருமை. புகுந்த வீட்டில் மலிவு.

மரங்கள் அடர்ந்த பூங்காக்களுக்குச் சென்றால் கரிச்சானைக் காணலாம். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் வளாகத்தில் துடுப்புவால் கரிச்சான் வாழ்கிறது. அதன் வாலிலிருந்து இரண்டு நீண்ட கம்பிகள் புறப்பட்டு, நுனியில் துடுப்புப்போல விரிந்திருக்கும். அது பறக்கும்போது இரண்டு வண்டுகள் அதைத் துரத்துவது போலத் தோன்றும். பிற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்வதிலும் அது வல்லது. இன்னொரு வகையான இரட்டைவால் குருவி, அதாவது கருங்கரிச்சான், வட நாடுகளில் குளிர் தொடங்கியதும் நம் நாட்டுக்கு வந்து, சில மாதங்கள் தங்கிச் செல்லும் விருந்தாளி. அதன் வால் மீன்வாலைப்போலப் பிளவுபட்டிருக்கும். திறந்தவெளியில் ஒரு கம்பத்தின்மேல் நிமிர்ந்து அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு, மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பும். எந்தக் காகமும் இப்படிச் செய்வதில்லை.

கறுப்பும் வெள்ளையும் கலந்த குண்டுக்கரிச்சானையும் மறந்துவிடக் கூடாது. மலாய்மொழியில் இது ‘முராய் கம்போங்’. வாலை உயர்த்திக்கொண்டு வீட்டு வேலியில் அமர்ந்து இனிமையாகப் பாடும். மற்றொன்று மலை மைனா. பளபளக்கும் கறுப்பு உடல், செம்மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னே தொங்கும் மஞ்சள் தோல்மடல் ஆகியவற்றால் இதனை உடனே அறியலாம். மனிதரின் பேச்சைப்போலவே ஒலி எழுப்பும் திறனே இதற்கு வினையாக முடிந்தது. கூண்டில் அடைத்து வளர்க்க விரும்புவோர் மிகுந்ததால், இதன் பன்னாட்டு வணிகம் இன்று ஒப்பந்தத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

இத்தனை பறவைகளையும் எப்படி இனம் காண்பது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. கறுப்பு நிறம் இவை அனைத்துக்கும் பொது. பொதுவான ஒன்று வேறுபாட்டைக் காட்டாது. முதலில் அளவைப் பாருங்கள்: சிட்டுக்குருவியைவிடப் பெரியதா, புறாவைவிடச் சிறியதா? இரண்டாவதாக, உருவத்தைப் பாருங்கள்: வால் நீண்டதா, பிளந்ததா? அலகு தடித்ததா, மெலிந்ததா? மூன்றாவதாக, செயலைக் கவனியுங்கள்: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, இலைக்குள் ஒளிகிறதா? நான்காவதாக, குரலைக் கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்தால் பெயர் தானாகவே வந்துவிடும்.

வெளிச்சமும் நம்மை ஏமாற்றக்கூடியது. சூரியனை எதிர்நோக்கி நின்று பார்த்தால் புறாவும் கறுப்பு, கிளியும் கறுப்பு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று பாருங்கள். அப்போதுதான் பெர்லிங்கின் பச்சையும் காகத்தின் சாம்பலும் வெளிப்படும். இறகின் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. இது நிறத்தைத் தருவதோடு, இறகு எளிதில் தேய்ந்துவிடாமல் வலுவூட்டவும் செய்கிறது. இறகின் மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பச்சை, நீலம், ஊதா எனப் பல வண்ணங்கள் மின்னுகின்றன. கறுப்பு என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதற்குள் இத்தனை வண்ணங்கள் உள்ளன.

“பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? தேர்வில் கேட்கப் போகிறார்களா?” என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். எனது முதல் விடை இது: தவறான பெயர் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். காகங்கள் மிகுந்துவிட்டால் குப்பை சிதறுகிறது, எச்சம் விழுகிறது, கூடு கட்டியிருக்கும் காலத்தில் அவை வழிப்போக்கரின் தலையைத் தாக்கவும் செய்கின்றன. ஆகவே, நம் நாட்டில் உள்ளாட்சி மன்றங்கள் காகங்களைச் சுட்டுக் கட்டுப்படுத்த முயல்வதுண்டு. வீட்டுக்காகம் குடியேறிய பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்திக்கின்றன. 2024ஆம் ஆண்டில் கென்ய நாடு 10 இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய நடவடிக்கை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், ஒன்றில் வேறுபாடு இருக்க முடியாது. காகம் என்று நினைத்து ஆண்குயிலைக் கொன்றால், காகத்தின் கூட்டில் முட்டையிட்டு அதன் பெருக்கத்தை ஓரளவேனும் குறைக்கும் பறவையையே நாம் கொல்கிறோம். நோயைத் தீர்க்க வந்த மருத்துவரை விரட்டிவிட்டு நோயைப் பற்றிப் புலம்புவதற்கு அது ஒப்பாகும்.

காகத்தைச் சரியாக அறிந்தவர் அதைப் பெருகச் செய்தது யார் என்பதையும் அறிவார். மிச்ச நாசி லெமாக் பொட்டலத்தைச் சாலையோரத்தில் வீசுபவரும், குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தபடி விட்டுச் செல்பவருமே காகத்திற்கு நாள்தோறும் விருந்து வைக்கின்றனர். அந்த விருந்து தொடரும்வரை துப்பாக்கியால் நிலையான தீர்வு கிடைக்காது. அமாவாசை நாளில் முன்னோரை நினைந்து காகத்திற்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் மரபு. அந்த ஒரு பிடி சோறு வேறு. தெருவெங்கும் கொட்டப்படும் கழிவு வேறு.

இரண்டாவது விடை சட்டத்தைப் பற்றியது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். ஆனால், சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. கூண்டுக்குள் இருப்பது மலை மைனாவா, சாதாரண மைனாவா என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர் இருந்தால்தான் அது செயல்படும். அதிகாரிகள் எல்லா இடங்களிலும் நிற்க முடியாது. பார்க்கத் தெரிந்த பொதுமக்கள் எல்லா இடங்களிலும் இருக்கலாம்.

மூன்றாவது விடை மொழியைப் பற்றியது. சங்கப் புலவர் ஒருவர் காக்கை கரைவதைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றார். பறவைகளை அவ்வளவு நுட்பமாக நோக்கிய மரபு நம்முடையது. அண்டங்காக்கை, கரிச்சான், இரட்டைவால் குருவி, குண்டுக்கரிச்சான் என்று கறுப்புப் பறவைகளுக்கே எத்தனை பெயர்கள்! இப்பெயர்கள் தமிழகத்துப் பறவைகளுக்கு அங்குள்ள மக்கள் சூட்டியவை. ஆனால், தமிழகத்தில் காணப்படாத பெர்லிங்கிற்கு நாம் புழங்கும் தமிழ்ப் பெயர் எது? நூறாண்டுகளுக்கும் மேலாக அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தும், அதைக் “கறுப்புக் குருவி” என்றே கடந்து வந்திருக்கிறோம். மலாய்ப் பெயரின் பொருளையொட்டிச் ‘செங்கண் மைனா’ என்று அழைத்துப் பார்க்கலாம். இதைவிடப் பொருத்தமான பெயர் உங்களுக்குத் தோன்றினால் இன்னும் நல்லது. ஒரு மண்ணில் வேரூன்றிய மொழி, அம்மண்ணின் உயிர்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். மலேசியத் தமிழுக்கு அந்தக் கடமையை வேறு யாரும் வந்து செய்து தரமாட்டார்கள்.

நான்காவது விடை நம்மைப் பற்றியது. நிறத்தைக் கொண்டு பெயரிடும் பழக்கம் பறவைகளோடு நின்றுவிடுவதில்லை. கறுத்த மேனி கொண்ட சக மாணவரைக் “காக்கா” என்று கேலி செய்யும் குரலை நம் பள்ளி வளாகங்களில் இன்றும் கேட்கலாம். அப்படி அழைப்பவர் அம்மாணவரின் திறமையைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டார். குயிலையும் காகம் என்பவர் செய்வதும் இதுவே. “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு” என்பது நம் பழமொழி. பறவையை நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் கண், மனிதரையும் நிதானமாகப் பார்க்கும் என்று நான் நம்புகிறேன்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 1908ஆம் ஆண்டில் இந்தியாவின் மும்பையில் ஒரு சிறுவன், தான் வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கவனித்தான். அது என்ன பறவை என்று அறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கதவைத் தட்டினான். அச்சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட சாலிம் அலி. ஒரு சிறிய வேறுபாட்டைக் கவனித்ததும், அதன் பெயரை அறிய விரும்பியதுமே அவரது பயணத்தின் தொடக்கம். நம் நாட்டிலும் 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் பறவை நோக்குவோருக்கு வழிகாட்டி வருகிறது. பறவையின் படத்தையோ குரலையோ கொண்டு இனத்தைப் பரிந்துரைக்கும் கைப்பேசிச் செயலிகளும் இன்று உள்ளன. எனினும், செயலி சொல்வதை அப்படியே ஏற்காமல், நம் கண் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சிறந்தது.

பள்ளிகளும் இதில் பங்காற்றலாம். புறப்பாட நடவடிக்கையின்போது மாதம் ஒருமுறை பள்ளி வளாகத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். எந்தப் பறவை, எத்தனை, எந்த மரத்தில், எந்த நேரத்தில் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் அருகருகே எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். ஓராண்டு தொடர்ந்தால், இரட்டைவால் குருவி எந்த மாதத்தில் வந்தது, எந்த மாதத்தில் திரும்பியது என்று உங்கள் பள்ளியே சொல்லக்கூடும்.

மாணவர்களே, மலேசியாவில் 700க்கும் மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. அவை அனைத்தையும் அறிந்துகொள்ளுமாறு யாரும் உங்களைக் கேட்கவில்லை. வீட்டுக்காகம், குயில், பெர்லிங், ஜாவா மைனா, கரிச்சான், குண்டுக்கரிச்சான் ஆகிய ஆறிலிருந்து தொடங்குங்கள். நாளைக் காலை பேருந்துக்கோ இரயிலுக்கோ காத்திருக்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். கம்பியில் கறுப்பாக ஏதோ ஒன்று அமர்ந்திருக்கும். “காக்கா” என்று சொல்வதற்கு முன் அதன் வாலைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு அதன் பெயரைச் சொல்லுங்கள்.